ஆறு மணி விசில்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ரெண்டு கையும் மடியில இருக்கட்டும், என் கண்ணுக்குத் தெரியணும். உலக்கையைப் பாத்துப் பயப்படாதீங்க. எங்க அம்மை சீராக் குடுத்தது. நெல்லு குத்தித்தான் அதுக்குப் பழக்கம், இதுவரைக்கும் மனுசன் மேல பட்டதில்ல.

வாசலைத் திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம். பூட்டியாச்சு. சாவி என் இடுப்புல இருக்கு. எந் தம்பி மாடசாமிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். வயக்காட்டுல இருக்கானாம், மோட்டார அமத்திட்டு ஆளக் கூட்டிட்டு வாரேன்னிருக்கான். அவன் வாரதுக்குள்ள உள்ளதச் சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு நல்லது. அவனுக்குக் கேக்கதுக்குப் பொறுமை கிடையாது. மொதல்ல கைதான் பேசும், பொறவுதான் வாய்.

என்னது? குருவி பாக்க வந்தீங்களா?

அப்படிச் சொல்லுங்க. அதே பேச்சு. நீங்களும் எம் மருமவளும் ஒரே வாத்தியார்கிட்டப் பாடம் படிச்சிருக்கீங்க. என் பொறவாசல் மதிலுக்கு அங்கிட்டு, செங்கல் குமி மேல ஏறி நின்னுக்கிட்டு, இம்மாம் பெரிய குழாய் மாட்டின கேமராவ வச்சு எட்டிப் பாக்கீங்க. கேட்டா குருவி. நான் அங்கனயே கத்தியிருந்தேன்னா ஓடியிருப்பீங்க. அதான் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டேன், ஏன் தம்பி வெளிய நிக்கீங்க, உள்ள வந்து நல்லாப் பாருங்கன்னு. நீங்களும் ரொம்ப நன்றிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. கேமரா இந்த மேச மேலயே இருக்கட்டும். தொடாதீங்க.

மருந்துக் கடையில வேலைங்கீங்க. தென்காசிங்கீங்க. இருக்கட்டும். எங்க இருந்து வந்தா என்ன, எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். எப்ப ஆரம்பிச்சதுன்னு நானே சொல்லுதேன். தப்பா இருந்தா நீங்க திருத்துங்க.

ஐப்பசி மாசம். மழை விட்டும் விடாமயும் இருந்த நேரம். எம் மவன் உலகநாதன் மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கு. கல்யாணம் முடிச்சு, ஆடிக்கு முன்னாலயே பிளேன் ஏறிட்டான். வீட்டுல நானும் மருமவ பொன்மாரியும்தான். அவ பகல்ல அம்பாசமுத்திரத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு வேலைக்குப் போவா. சாயங்காலம் விளக்குப் பொருத்துததுக்கு முன்னாலயே வந்துருவா. குறை சொல்லக் கூடாது, வந்த உடனே சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அடுப்படிக்குத்தான் போவா.

அன்னைக்குத் தோசை ஊத்திக்கிட்டு இருக்கா. பொறவாசல்ல இருந்து ஒரு விசிலு. வீய்ய்... ட்யூ. மொதப் பாதி மேல ஏறும், அடுத்தது கீழ இறங்கும். ரெண்டே எழுத்து. யாரோ யாரையோ, வா... டீன்னு கூப்பிடுத மாதிரி. நான் காதத் தீட்டிக்கிட்டு இருக்கேன். இவ என்ன பண்ணுனாங்கீங்க? கரண்டிய அப்படியே போட்டுட்டு, அடுப்ப அமத்தாம, பொறவாசலுக்கு ஓடுதா. தோசை கருகி வீடெல்லாம் புகை. ஏட்டி எங்க போனங்கேன். ஒண்ணுமில்ல அத்தேங்கா. முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் விடியக்காலம் அதே விசிலு. சாயங்காலம் அதே விசிலு. ஆறு மணி ஆச்சுன்னா போதும். ரேடியோவுல செய்தி தப்பினாலும் தப்பும், இது தப்பாது. இவளும் போனத் தூக்கிக்கிட்டு ஓடிருவா. அங்க மாமரத்தடியில, அந்த இருட்டுல, கையை நீட்டிக்கிட்டு அசையாம நிப்பா. நான் செருப்புச் சத்தம் கேக்க நடந்தேன்னா, விசிலு டக்குன்னு நின்னுரும். பாத்தீங்களா? மாமியார் வந்தா நிக்க விசிலு. அப்பம் அது யாரு அடிச்சதா இருக்கும், நீங்களே சொல்லுங்க.

விசிலுன்னா எனக்கு வயிறு எரியும் தம்பி. காரணம் இருக்கு. இந்த வீட்டுல, இதே மதிலுக்கு அங்கிட்டு இருந்துதான் எங்க வீட்டுக்காரரை விசிலடிச்சுக் கூப்பிடுவாங்க, சீட்டாடதுக்கு. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போவாரு. ஒருநாள் அப்படிப் போனவருதான். சீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, புளியங்குடியில ஒருத்தி வீட்டுல இருக்காருன்னு பொறவு தெரிஞ்சது. உலகு அப்பம் என் இடுப்புல இருந்தான். அதுல இருந்து விசிலுச் சத்தம் கேட்டா யாரோ இந்த வீட்டுல இருந்து போகப் போறாகன்னு எனக்குத் தோணும்.

நான் சின்னப் புள்ளையில அடிச்சிருக்கேன், அது வேற. வயல்ல கதிரு பிடிக்கையில கிளி விரட்ட அடிப்பேன். கொப்பு நுனிக்குக் கேக்கும் என் விசிலு. பொட்டப்புள்ள விசிலடிக்காளேன்னு எங்க அம்மை அகப்பைக் காம்பக் காய வச்சு உதட்டோரத்துல இழுத்தா. இன்னா, பாருங்க, தழும்பு. அதோட விட்டாச்சு.

எங்க விட்டேன்? ஆங், குருவி.

நானா கேட்டேன், யாருட்டி விசிலடிக்கான்னு. மனுசன் இல்ல அத்தே, குருவிங்கா. எங்க காட்டுங்கேன். இன்னும் நானே பாக்கலங்கா, சத்தம் மட்டும்தான் கேக்குதுங்கா. எப்படி இருக்கு? பாக்காத குருவி! அப்புறம் ஒருநாள் கடையில இருந்து வரும்போதே துள்ளிக்கிட்டு வாரா. அத்தே, நான் சத்தத்தப் பிடிச்சு குருவி பாக்கவங்க குரூப்புல அனுப்புனேன், பேரு சொல்லிட்டாங்க, ஆறுமணிக் குருவியாம், எங்கேயோ வடக்க இமயமலை அடிவாரத்துல இருந்து வருதாம்ங்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறு மணிக்கு வாரவனுக்கு ஆறுமணிக் குருவின்னு பேரு! எங்கிட்டயே சொல்லுதா, என் அடுப்படியில நின்னுக்கிட்டு. போனுல ஏதோ படத்தத் தூக்கி மூஞ்சிக்கு நேரே நீட்டுனா. இந்த மாதிரி இருக்கும் அத்தே, நீங்க பகல்ல வீட்டுலதான இருக்கீங்க, பாத்திருக்கீங்களான்னு கேட்டா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். குருவி பாக்கவா உன்னக் கட்டிட்டு வந்தோம்னேன்.

நீங்களும் அந்தப் படத்த எனக்குக் காட்ட வேண்டாம். வையுங்க கீழ. பாக்க மாட்டேன். நான் பாக்காத குருவியா?

காலையில அவ வேலைக்குப் போன பிறகு எனக்குத் துணையே ஒரு குருவிதான், தெரியுமா? சிரிக்காதீங்க. பத்துப் பதினோரு மணிக்கு நான் துவைகல்லுப் பக்கம் உக்காந்து பாத்திரம் தேய்ப்பேன். நாரத்தை மரத்து மூட்டுல சருகுக்குள்ள இருந்து வருவான் ஒருத்தன். வாலறுந்தான்னு பேரு வச்சிருக்கேன். யாரோ கத்தரிச்சு விட்ட மாதிரி வாலே கிடையாது. முதுகு இளம்பச்சை, சிறகுல ஒரு துண்டு நீலம், கண்ணுக்குக் குறுக்க அப்படியே கருப்பு மையைத் தீட்டினாப்புல இருக்கும், வயித்தடியில குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு. அவ்வளவு நிறத்தையும் வச்சுக்கிட்டுப் பறக்கவே மாட்டான். தத்தித் தத்தி, அலகால ஒவ்வொரு சருகாப் புரட்டிப் புழு தேடுவான். சோத்துப் பருக்கை வச்சேன், திரும்பிப் பாக்கல. வாயே தொறக்க மாட்டான். அதுதான் எனக்குப் பிடிச்சது. எத்தன நேரம் நான் பேசினாலும் கேட்டுக்கிட்டே திரிவான். சாமி சாட்சியா, பொன்மாரி பத்தி நான் ஊர்ல பேசினதவிட அவங்கிட்டப் பேசினதுதான் அதிகம்.

என்ன, எந்திரிக்கீங்க? உக்காருங்க! எதுக்கு இப்படிப் பதறுதீங்க? நான் என் குருவியச் சொல்லுதேன், அதுக்கு ஏன் உங்களுக்குக் கண்ணு இப்படி விரியுது? உக்காருங்கங்கேன். இன்னும் முக்கியமானது வரல.

தை பொறந்ததும் அவ அப்பா, அம்மாவ வரச் சொன்னேன். எந் தம்பியும் வந்தான். எங்க ஆளுகள்ல ஒரு வழக்கம் உண்டு, சந்தேகம்னு வந்துட்டா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். பொய்யா அணைச்சா மூணு தலைமுறைக்கு விளங்காது. சாமி படத்துக்கு முன்னால சூடத்த ஏத்தி வச்சேன். கேள்வி நான்தான் கேட்டேன். அந்த விசிலுச் சத்தத்துக்காக நீ பொறவாசலுக்குப் போகலைன்னு சொல்லி இத அணைட்டின்னேன்.

கைய நீட்டுனா தம்பி. சூடத்துக்கு மேல வரைக்கும் கொண்டு போனா. அப்படியே பின்னால இழுத்துக்கிட்டா. போனேன் அத்தே, அந்தச் சத்தத்துக்காகத்தான் போனேன், இல்லைன்னு எப்படிப் பொய்ச் சத்தியம் பண்ணுவேன், வேற மாதிரி கேளுங்க, அணைக்கேன்னா. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, வேற மாதிரி கேளுங்கன்னு. வேற மாதிரி என்னத்தக் கேக்க? அவ வாயாலயே சொல்லியாச்சே! சூடம் எரிஞ்சு தானா அமந்துட்டு. அவ அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு அவளக் கூட்டிட்டுப் போனாரு.

உலகு போனுல அழுதான். அம்மா, உனக்கு நல்லாத் தெரியுமாம்மான்னு கேட்டான். நல்லாத் தெரியும்டான்னேன்.

நாளைக்குக் காலையில அம்மன் கோயில் முன்னால கூட்டம். ரெண்டு வீட்டாரையும் வச்சுப் பேசித் தீத்து விட்டுருவாங்க. தாலியக் கழட்டித் தட்டுல வச்சிட்டு அவ போயிருவா. எங்கிட்ட இல்லாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், ஆளு. யாரும்மா அவன்னு கூட்டத்துல கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இன்னைக்குச் சாமியே உங்களக் கொண்டாந்து மதில் ஓரத்துல நிப்பாட்டியிருக்கு.

ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அவ அம்மை வீட்டுக்குப் போயி மாசம் ஒண்ணு தாண்டியாச்சு. நீங்க இன்னும் காலம்பறயும் சாயங்காலமும் இங்க வந்து விசிலடிக்கீங்களே, அவ இங்க இல்லைன்னு உங்ககிட்டச் சொல்லலையா? கூறு வேண்டாம் ஒரு மனுசனுக்கு?

என்ன சொன்னீங்க? பொன்மாரி அக்கா சொல்லித்தான் வந்தீங்களா?

பாத்தீங்களா, பேரு வந்துட்டு. அக்கா வேற! நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னால எப்படியாவது படம் எடுத்துக் குடுங்கன்னு அழுதாளா? அழுவா, அழுவா. அவ அழுதா எனக்கே மனசு இளகும், உங்களுக்குக் கேக்கணுமா.

போனுல என்னத்தத் தேடுதீங்க? யாரக் கூப்பிடப் போறீங்க? நான் கேக்கணுமா? என்னத்த—

ஐயோ! அதே விசிலு. உங்க போனுக்குள்ள இருந்து அதே விசிலு! கொண்டாங்க இங்க. விடுங்க கைய. கொண்டாங்கங்கேன்!

விழுந்துட்டு. விழட்டும். கண்ணாடி கருத்துப் போச்சு, போகட்டும். எங் காதால கேட்டாச்சு. விசிலு உன் கையில இருந்துதான் வந்துச்சு. இனி என்னடா சாட்சி வேணும், இனி என்ன—

இரு.

சத்தம் போடாத.

நீ இங்கன இருக்க. வாய மூடிக்கிட்டு இருக்க, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். போனு உயிரில்லாம தரையில கிடக்கு. அப்பம் பொறவாசல்ல விசிலடிக்கது யாரு? கூட்டாளிய நிப்பாட்டிட்டு வந்தியா? நீ விசிலு குடுத்தா அவன் பதில் விசிலு குடுக்கணும்னு பேச்சா? எந்திரி. முன்னால நட. அடுப்படி வழியாப் போ. உலக்கை உன் முதுகுக்கு நேரா இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.

கதவ முழுசாத் தொறக்காத. இந்த இடுக்குப் போதும். தள்ளு, நான் பாக்கேன்.

கிணத்தடியில ஆளில்ல. மதில் மேல ஆளில்ல. மாமரத்தடியிலயும் இல்ல. துவைகல்லு மேல எங்க வாலறுந்தான் நிக்கான், அவ்வளவுதான். இந்த நேரத்துக்கு அவனுக்கு இங்க என்ன ஜோலி? நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கான். தலைய அண்ணாந்து பின்னால சாய்க்கான்... வாயத் தொறக்கான்...

தம்பி.

அந்தச் சத்தம் எங்க இருந்து வந்துச்சு?

இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். இன்னொரு தடவை அடிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்.

ஆமா. அவன்தான். தலைய அண்ணாந்து, வாயத் தொறந்து. வீய்ய்... ட்யூ. அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள இருந்து ஒரு ஆம்பளைச் சத்தம். எங்க வாலறுந்தான். வாயே தொறக்க மாட்டான்னு சொன்னேனே. நான் கேக்கும்போது அவன் இல்ல, அவனப் பாக்கும்போது சத்தம் இல்ல. இருங்க, கதவு நிலையப் பிடிச்சுக்கிடுதேன். உலக்கையை நீங்க வாங்கி வையுங்க.

அவ படத்தக் காட்டுனா தம்பி. மூஞ்சிக்கு நேரே காட்டுனா. ஒரு தடவை நான் குனிஞ்சு பாத்திருந்தேன்னா, ஏட்டி, இது நம்ம வாலறுந்தான்லான்னு சொல்லியிருப்பேன். சத்தம் அவகிட்ட இருந்துச்சு. ஆளு எங்கிட்ட இருந்தான். ஒரே வீட்டுல ஒரே அடுப்புல சோறு பொங்கித் தின்னோம். வேற மாதிரி கேளுங்கன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பாவி நான் கேக்கல. எம் புள்ளகிட்ட நல்லாத் தெரியும்னு வேற சொன்னேன்.

ஐயோ, கேமரா! ஓடுங்க, மேச மேல இருக்கு, எடுத்துட்டு வாங்க. மெதுவா, மெதுவா. செருப்பு வேண்டாம்.

படம் பத்தாது தம்பி. ஓடுத படமா எடுங்க. வாய் தொறக்கது தெரியணும், அந்தச் சத்தமும் கூடவே கேக்கணும். வெறும் படத்த வச்சு நாளைக்கு ஒண்ணும் நடக்காது. கூட்டத்துல என்னைய மாதிரி எத்தன பேரு உக்காந்திருப்பாளுவன்னு எனக்குத் தெரியும். மூஞ்சத் திருப்பிக்கிடுவாளுவ.

இறங்கிட்டான். சருகுக்குள்ள போறான். இருட்டிக்கிட்டு வருதே. அடிக்க மாட்டேங்கானே! இத்தன நாளும் நிறுத்துன்னு கும்பிட்டேன், நிறுத்தல. இப்பம் அடிடா எய்யாங்கேன், வாயத் தொறக்க மாட்டேங்கான். மறுபடி போனுல போட்டா அவன் பதில் குடுப்பானா? போனத்தான் நான் உடைச்சுப் போட்டுட்டேனே. நீங்க வாயால அடிங்க. சீக்கிரம்.

என்னது? வராதா?

உங்களுக்கு விசிலடிக்கவே வராதா? எய்யா சாமி... உங்களப் போயி நான்...

சரி. தள்ளுங்க. நீங்க கேமராவப் பிடிங்க, கை ஆடக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, என்னப் பாக்காதீங்க. எத்தன வருசம் ஆச்சு.

ச்சே, காத்துதான் வருது. பல்லு போனது ஒரு பக்கம், உதடு இழுத்தது ஒரு பக்கம். இருங்க. நாக்க மடிச்சு, இப்படி...

வீய்ய்... ட்யூ.

வந்துட்டு! கேட்டீங்களா? இன்னும் ஒண்ணு. வீய்ய்... ட்யூ. ஏறுதான், ஏறுதான், கல்லு மேல ஏறுதான். அண்ணாந்துட்டான். பிடிச்சிட்டீங்களா? அடிக்கான், பாருங்க, அடிக்கான்! வாய் தெரியுதா? சத்தமும் விழுந்துட்டா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எம் மருமவ தாலி தம்பி அது. விழுந்துட்டா?

தாயே. விழுந்துட்டு.

மோட்டார் சைக்கிள் சத்தம். மாடசாமி வந்துட்டான். நீங்க என் பின்னால நில்லுங்க, கேமராவ நெஞ்சோட பிடிச்சுக்கிடுங்க, யாருகிட்டயும் குடுக்காதீங்க. கத்துதான் பாருங்க வாசல்ல நின்னு. எவன்ல அது உள்ள விசிலடிக்கதுன்னு கத்துதான், தெருவே கேக்கும்படி. கேட்டைப் போட்டு ஆட்டுதான்.

ஏல மாடசாமி! கையில இருக்கதக் கீழ போடுல! எவனும் இல்ல இங்க. நான்தாம்ல. விசிலடிச்சது நான்தான்.